ஒரே கிழங்கு, வேறு மண்

(ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நான் வரும்போதெல்லாம் தாய்மார்கள் சிலர் ஒரே வினாவைக் கேட்கிறார்கள். "ஐயா, ஊதா நிற வள்ளிக்கிழங்கைத் தின்றால் இரத்தம் ஊறும் என்கிறார்களே, உண்மைதானா?" என்பதே அவ்வினா. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலாது. ஒரு கிழங்கில் என்ன சத்து இருக்கிறது என்பது அதன் பெயரைக் கேட்டவுடன் சொல்லிவிடக் கூடியதன்று. அது எந்த இனம், எந்த மண்ணில் விளைந்தது, எப்படிச் சமைக்கப்பட்டது என்று மூன்று வினாக்களை நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்கு வினாவுக்கு வினாவால் விடையளிக்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அந்த மூன்று வினாக்களையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொள்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'வள்ளி' என்றும், மலாய்க்கார அண்டை வீட்டார் 'ஊபி' என்றும் அழைப்பவை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கொம்பைப் பற்றிப் படரும் கொடியில், மண்ணுக்கடியில் பெரிய கிழங்காக விளைவது பெருவள்ளி. யாழ்ப்பாணத்தார் அதனை இராசவள்ளி என்பார்கள். அதே குடும்பத்தில் கைப்பிடியளவு விளைவது சிறுவள்ளி. மரவள்ளி வேறு செடி. சர்க்கரைவள்ளி வேறு கொடி. 'கெலாடி' என்று சந்தையில் விற்கப்படுவது நம் சேப்பங்கிழங்கு. இவற்றைத் தோலை நீக்கிப் பச்சையாக 100 கிராம் நிறுத்து ஆராய்ந்தால், சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், வள்ளிக்கிழங்கில் சுமார் 800 மில்லிகிராம் இருக்கும். சேப்பங்கிழங்கில் சுமார் 590, சர்க்கரைவள்ளியில் சுமார் 340, மரவள்ளியில் சுமார் 270. இவை பல மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரிகள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். உங்கள் லயத்துக்குப் பின்னால் விளைந்த கிழங்கை எவரும் இன்னும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றதில்லை. அதன் கணக்கு இதனினும் கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம்.

ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. ஏனெனில் இதே உண்மையை நீங்கள் நாள்தோறும் பால்மரத்தில் காண்கிறீர்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுக்கன்றை அறியாத வெட்டுத் தொழிலாளி இந்நாட்டில் இல்லை. அது ஜிர் 1, பி.பி. 86 என்னும் இரண்டு இனங்களைக் கலந்து ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கியது. பி.பி. என்பது பிராங் புசார் தோட்டத்தின் முதலெழுத்துகள். அத்தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. இது நிற்க. அந்த 600ஆம் எண் கன்று எல்லாத் தோட்டத்திலும் ஒரே அளவு பால் தருகிறதா? இல்லை. குன்றின் மேல் நிரையில் ஒரு விதமாகவும், பள்ளத்து நிரையில் வேறு விதமாகவும் தருகிறது. அதே குன்றில் வேறு இனக் கன்றை நட்டால் கணக்கு மீண்டும் மாறுகிறது. இனமும் இடமும் சேர்ந்தே விளைவை முடிவு செய்கின்றன என்பதை அறிந்துதான், 1925இல் நிறுவப்பட்ட அந்த ஆராய்ச்சிக் கழகம், ஒரே இனத்தைப் பல தோட்டங்களிலும், பல இனங்களை ஒரே தோட்டத்திலும் நட்டுச் சோதித்தது. 1998இல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைக்கப்பட்டது.

பாலின் அளவு மட்டுமன்று, பாலுக்குள் இருக்கும் உப்பும் மாறுகிறது. மங்கில் இறங்கும் பாலில் மக்னீசியம் உண்டு. அது மிகுந்து, மணிச்சத்து குறைவாக இருந்தால் பாலின் நிலைத்தன்மை கெடுகிறது. ஆகவேதான் செறிவுப்பால் தயாரிக்கும் ஆலைகளில் மணிச்சத்து உப்பைச் சேர்த்து, மக்னீசியத்தைச் சேறாகப் படியவைத்து அகற்றுகிறார்கள். இந்த மக்னீசியத்தின் அளவு இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் வேறுபடுகிறது. மரத்தின் பாலுக்கு உள்ள இந்த விதி கொடியின் கிழங்குக்கும் உண்டு. உரம் போடுவதற்கு முன்னர் இலைகளைப் பறித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலையின் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படர்ந்தால் மக்னீசியம் போதவில்லை என்பதையும் அறிவீர்கள். மரத்துக்கு இத்தனை அக்கறையோடு பார்க்கும் கணக்கை, அம்மரத்தை வெட்டுகின்றவரின் உணவுக்கு நாம் பார்ப்பதில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இனியாவது பார்ப்போம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மண்ணின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். நெகிரி செம்பிலானின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி செம்மண்ணும், சரளை கலந்த மண்ணுமாகும். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த கனமழை, எளிதில் கரையும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கழுவிக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. அந்த இரும்பின் துருவே மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. இம்மண் புளிப்புத்தன்மை உடையது. நாம் இடும் மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு செடிக்கு எளிதில் விடுவதில்லை. லிங்கி ஆற்றங்கரை போன்ற வண்டல் நிலம் பொதுவாக இதனினும் வளமானது. எனவே, ஒரே கொடியின் துண்டுகளை மேட்டுச் சரளையில் ஒன்றும், ஆற்று வண்டலில் ஒன்றுமாக நட்டால், இரண்டிலும் விளையும் கிழங்கு பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். உள்ளிருக்கும் உப்புகளின் கணக்கு ஒன்றாக இராது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். நம் மண்ணில் இரும்பு மண்டிக் கிடக்கிறது. ஆனால் அதில் விளையும் வள்ளிக்கிழங்கில் 100 கிராமுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. துருவாக இறுகிய இரும்பில் மிகச் சிறிதளவே வேர் உறிஞ்சக் கூடியது. உறிஞ்சியதிலும் கிழங்குக்குப் போய்ச் சேர்வது சிறிதே. ஆய்வுக்கூடத்தில் சில வேளைகளில் கிழங்கில் இரும்பு மிக அதிகம் என்று முடிவு வருவதுண்டு. அனுபவமுள்ள ஆய்வாளர் உடனே ஐயுறுவார்: கிழங்கைச் சரியாகக் கழுவவில்லையோ, தோலில் ஒட்டிய செம்மண் சேர்ந்து எரிக்கப்பட்டதோ என்று. மண்ணைத் தின்று இரும்பைப் பெற முடியாது என்பது நம் பாட்டிமார்கள் அறிந்ததுதானே!

இதற்கு நேர்மாறான இடமும் உலகில் உண்டு. பசிபிக் பெருங்கடலில் கிரிபாத்தி என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அத்தீவுகள் பவளப் பாறைத் தூளால் ஆனவை. மண் முழுவதும் சுண்ணாம்பு. அங்குள்ள மக்கள் ஆழமான குழிகளைத் தோண்டி, தழைகளை இட்டு மக்கவைத்து, சேப்பங்கிழங்குக்கு உறவான ஒரு பெரிய சதுப்புக் கிழங்கை வளர்க்கிறார்கள். அக்கிழங்கில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆனால் அந்தச் சுண்ணாம்பு மண்ணில் செடிகளுக்கு இரும்பு கிடைப்பது அரிது. இலைகள் வெளிறிப் போகின்றன. ஆகவே துருப்பிடித்த தகரத் துண்டுகளைக் குழியில் இடும் வழக்கம் அங்கு உண்டு. நாம் தகரத்தை எறிகிறோம், அவர்கள் புதைக்கிறார்கள். நமக்கு இல்லாதது அவர்களிடம் நிறைந்திருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது நம் காலடியில் கிடக்கிறது. தென்பசிபிக் தீவுகளின் கிழங்குகளைத் தொகுத்து ஆராய்ந்த பிராட்பரி, ஹாலோவே என்னும் இரு அறிஞர்களின் நூல் 1988இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. தாது உப்புகளைப் பொறுத்தமட்டில் விளைந்த இடம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை அத்தகைய ஆய்வுகளே நமக்கு உணர்த்தின.

இனி இனத்தைப் பற்றிப் பேசுவோம். நமக்கு நெருங்கிய இலங்கையில், ஏழு வகைப் பெருவள்ளிக் கிழங்குகளை ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழும் தாது உப்புகளை ஓரளவு நன்றாகவே தருகின்றன என்று கண்டார்கள். ஆனால் எல்லாச் சத்தும் ஒரே அளவில் இல்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கில் 'சி' உயிர்ச்சத்து ஒரு வகையில் 13 மில்லிகிராம், மற்றொரு வகையில் 24.7 மில்லிகிராம், கிட்டத்தட்ட இரு மடங்கு. சுண்ணாம்புச் சத்தைப் பற்றிப் பூட்டிவைக்கும் ஆக்சாலிக் உப்பு, உலர்ந்த கிழங்கு 100 கிராமில் 486 மில்லிகிராம் தொடங்கி 781 வரை இருந்தது. அதில் பாதி முதல் முக்கால் பங்கு நீரில் கரையக் கூடியது. ஆகவே வேகவைக்கும்போது அது வெளியேறிவிடக் கூடும் என்பது அவர்கள் கருத்து. சேப்பங்கிழங்கையும் சேனையையும் அரைவேக்காட்டில் தின்றால் நாக்கு அரிப்பதற்குக் காரணம், இதே உப்பு ஊசி வடிவில் இறுகியிருப்பதுதான். நம்மவர்கள் புளியிட்டுச் சமைக்கக் கண்டது வெறும் சுவைக்காக அன்று.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில், 1963 முதல் இயங்கிவரும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், பெருவள்ளியில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா என்றும், சிறுவள்ளியில் ஸ்ரீ லதா என்றும் பெயரிட்டுத் தேர்ந்த இனங்களை உழவர்களுக்கு வழங்கியிருக்கிறது. இத்தகைய தேர்வுகளில் விளைச்சலுக்கும் சமையல் தரத்துக்கும் முதலிடம் தரப்படுவது இயல்பு. ஆனால் விளைச்சல் பெருத்தால் சத்தும் பெருகும் என்று எண்ணிவிடாதீர்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டி வளர்த்த கிழங்கு பானை போலப் பருக்கும்; நீரும் மாவும் கூடும்; மண்ணிலிருந்து வந்த உப்பு அந்தப் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகும். சந்தையில் எடைக்கு விலை தருகிறார்கள். வீட்டுக்கு வளர்ப்பவர்களுக்கு எடை மட்டும் அளவுகோலாகக் கூடாது என்பது என் கருத்து.

ஊதா நிறக் கிழங்குக்கு இப்போது வருகிறேன். அதன் நிறத்துக்குக் காரணம் இரும்பு அன்று. நாவற்பழத்துக்கும் ஊதாக் கத்தரிக்காயின் தோலுக்கும் நிறந்தரும் அதே வகைச் சாயப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. அது உடம்புக்கு நல்லதே. எனினும் அது இரத்தம் ஆகாது. பிள்ளை பெறும் வயதுடைய ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். அரை மில்லிகிராம் தரும் கிழங்கைக் கொண்டு அதை நிரப்ப நினைத்தால் நான்கு கிலோ தின்ன வேண்டும்! ஆகவே கர்ப்பிணித் தாய்மார்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது இதுதான்: கிழங்கை உண்ணுங்கள், ஆனால் மருந்தகத்தில் தரும் இரும்பு மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள். கிழங்கோடு பயறோ, மீனோ, ஈரலோ, முருங்கைக்கீரையோ சேரட்டும்; எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு உடம்பில் சேர்வது கூடும். உண்டவுடன் கடுந்தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். இது தோட்டத்தில் கடைப்பிடிக்கக் கடினமான அறிவுரை என்பதை அறிவேன். ஒரு மணி நேரம் கழித்தாவது குடியுங்கள்.

மற்றொரு செய்தியைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செடிக்குள் சாம்பல் சத்து இலையிலிருந்து கிழங்குக்கு எளிதாக இறங்கிச் செல்கிறது. அதனால்தான் எல்லாக் கிழங்கிலும் அது மிகுந்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்தோ வேர் உறிஞ்சிய நீரோடு மேலே ஏறி, இலையில் தங்கிவிடுகிறது. திரும்பி இறங்குவது அரிது. சேப்பங்கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 43 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்றால், அதன் இலையில் 107. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 30 என்றால், அதன் இலையில் 78. நாம் கிழங்கைத் தோண்டிக்கொண்டு இலையை ஆட்டுக்குப் போடுகிறோம். ஆடு கொடுத்து வைத்தது. சர்க்கரைவள்ளித் தளிரை மலாய்க்காரர் வீட்டில் விரும்பிச் சமைக்கிறார்கள், நாமும் சமைக்கலாம். சேம்பின் இலையை நன்றாக வேகவைத்த பின்னரே உண்ண வேண்டும். மரவள்ளி இலையில் நச்சுத்தன்மை இருப்பதால் அதனை நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும்.

ஜப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்துக் குன்றி, தோட்டத்து மக்கள் மரவள்ளியை உண்டு உயிர் காத்த வரலாற்றை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயிறு நிரம்பியும் கால் வீங்கியவர்கள், புண் ஆறாதவர்கள் பலர். வயிற்றை நிரப்புவது வேறு, உடம்பை நிரப்புவது வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. கிழங்கு ஒன்றையே உணவாக்கிக்கொண்டவர்களுக்கு, அந்தக் கிழங்கில் இல்லாதது வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. இன்று நம் உணவில் அரிசியும் மீனும் பருப்பும் இருப்பதால் ஒரு கிழங்கின் குறையை மற்றொன்று மூடிவிடுகிறது.

ஆனால் இக்காலத்துக்கு வேறொரு கவலை வந்திருக்கிறது. இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவும், அதன் பின்னே வரும் சிறுநீரக நோயும் மிகுதி. சாம்பல் சத்து, சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ளவருக்கு நண்பன். இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கோ அது இரத்தத்தில் தேங்கி இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு விதமாகச் சமைக்க நேரிடலாம். நலமாயிருப்பவர்களுக்குக் கிழங்கைத் தோலோடு அவித்து, பிறகு தோலை உரியுங்கள். உப்புகள் உள்ளேயே நிற்கும். சிறுநீரக நோயாளி மருத்துவரைக் கேட்டே கிழங்கு உண்ண வேண்டும்; அவர் அனுமதித்தாலும் தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, வேறு நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். 'எங்கள் தோட்டத்துக் கிழங்கு இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. நன்கு சாம்பல் இட்டு வளர்த்த கிழங்கில்தான் அந்த உப்பு மேலும் மிகுதியாக இருக்கக் கூடும்!

கடைசியாக, வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம்? பழைய லயங்களின் பின்புறத்தில், பல்லாண்டுகளாக அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கோழி எருவும் விழுந்த மண் கறுத்துக் கிடப்பதைக் காண்பீர்கள். மேட்டுச் சரளையைவிட அதுவே கிழங்குக்கு ஏற்ற இடம். விறகடுப்பு மறைந்து எரிவாயு வந்தபின் அந்தச் சாம்பல் நின்றுபோயிற்று. விறகுச் சாம்பல் கிடைக்கும்போது மண்ணில் கலந்துவிடுங்கள்; சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சேரும், மண்ணின் புளிப்பும் தணியும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள் உரக்கடைகளில் விலை மலிவு. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அதை மண்ணில் கிளறிவிட்டால் இரண்டு குறைகள் ஒரே செலவில் தீரும். பாறை மணிச்சத்துத் தூள் இத்தகைய புளிப்பு மண்ணில் மெல்லக் கரைந்து பயன் தரும். (தோட்டத்து உரக் கிடங்கிலிருந்து எடுத்துவரும்படி நான் சொன்னதாக மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்!)

இனத்தைத் தேர்வதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். அண்டை வீடுகளிலிருந்தும், சந்தையிலிருந்தும், ரெம்பாவ் பக்கத்துக் கம்பங்களிலிருந்தும் மூன்று நான்கு வகை விதைக்கிழங்குகளைச் சேகரியுங்கள். ஒரே பாத்தியில், ஒரே எருவில், மழை தொடங்கும் நாளில் நடுங்கள். ஒவ்வொரு கொம்பிலும் பெயர் எழுதிக் கட்டுங்கள். பிள்ளைகளிடம் அந்தப் பணியை விட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். எட்டு முதல் பத்து மாதங்களில், கொடி காய்ந்தபின் தோண்டி, எடையையும் வேகும் நேரத்தையும் சுவையையும் குறித்துக்கொள்ளுங்கள். உப்புகளின் கணக்கைக் கண்ணால் காண முடியாது என்பது உண்மைதான். ஆகவேதான் ஒரே இனத்தில் முழு நம்பிக்கையையும் வைக்காமல், இரண்டு மூன்று இனங்களையும் சேம்பையும் சர்க்கரைவள்ளியையும் கலந்து நடச் சொல்கிறேன். ஒன்றில் குறைவது மற்றொன்றில் கிடைக்கும். மண்ணைச் சோதிக்க விரும்புகிறவர்கள், பாத்தியின் ஐந்தாறு இடங்களிலிருந்து ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி வைத்திருங்கள். விவசாய இலாகா அலுவலகத்தில் கொடுத்துக் கேட்கும் வழியை நான் சொல்லித் தருகிறேன்.

அந்த மண் பொட்டலத்தின் மேல் தோட்டத்தின் பெயரும், பாத்தி மேட்டிலா பள்ளத்திலா என்பதும், அதில் முன்பு என்ன விளைந்தது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதத் தயங்குகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். இப்போது உங்கள் வினாக்களைக் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேளுங்கள்.